இடப்பக்க வரிசை

டூட்டிங்
14.10.2007, ஞாயிறு

அன்புள்ள அண்ணைக்கு,

நேற்று உங்களைப் பார்க்க வந்தபோது சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். பக்கத்து மேசையில் ஒரு குழந்தை அப்பாவின் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதது. அதைப் பார்த்தபடியே நேரம் போய்விட்டது. தொலைபேசியில் எனக்கு வாய் வராது. உங்களுக்கும் பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஹவுன்ஸ்லோ குடிவரவு அலுவலகத்தில் வழக்கம்போலக் கையெழுத்து வைக்கப் போன உங்களைத் திரும்ப விடவில்லை என்று தெரிந்ததும் புதிய வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்தோம். பெயர் பவளக்கொடி. மலேசியத் தமிழர், பினாங்கு. லண்டனுக்குப் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அப்பர் டூட்டிங் ரோட்டில் மரக்கறிக் கடைக்கு மேலே அவருடைய அலுவலகம். படியேறும்போது கறிவேப்பிலை மணக்கும்.

வெள்ளிக்கிழமை நான் தனியே போயிருந்தேன். அம்மா வேலைக்குப் போய்விட்டார், நல்ல காலம். உங்கள் பழைய கோப்பைத் திறந்து, 2003இல் அகதி அப்பீலைத் தள்ளிய தீர்ப்பையும், டாக்டர் எடுத்த உங்கள் முதுகுப் படங்களையும் வழக்கறிஞர் மேசையில் பரப்பினார். ஒரே வீட்டில் ஆறு வருடம் இருக்கிறோம். குளித்துவிட்டுச் சட்டையில் எல்லாப் பொத்தானும் பூட்டியபடிதான் வெளியே வருவீர்கள். என்னைப் போல நீங்களும் கூச்சக்காரர் என்று நினைத்திருந்தேன். உங்கள் முதுகை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்த மேசையில்தான்.

அகலமான தழும்புகளைக் காட்டி, "இது சூடு வைச்சது. தெரியுது," என்றார். பிறகு பேனா முனையால் சின்னச் சின்னப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். "எங்க ஊர்ல தைப்பூசத்துக்கு முதுகுல கொக்கி குத்துவாங்க. என் தம்பி முதுகுலயும் இருக்கு. இதுவும் அதுதானேம்மா? உங்க அண்ணன் கோர்ட்டுல எல்லாமே ஆர்மி பண்ணினதுன்னு சொல்லியிருக்காரு."

நான் ஆமென்று தலையை ஆட்டினேன்.

நீங்கள் அப்படிச் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. கோயில் சடங்கில் வந்தவை போலத் தெரியும் புள்ளிகளையே சித்திரவதை என்று சத்தியம் செய்கிறார், ஆகவே மற்றத் தழும்புகளைப் பற்றிச் சொல்வதையும் நம்புவதற்கில்லை என்று தீர்ப்பில் இருக்கிறது. அந்த ஒரு பந்தியில்தான் எல்லாம் போயிருக்கிறது. புள்ளிகள் காவடிக்குச் செடில் கொக்கி குத்தியதில் வந்தவை என்று நீங்கள் இப்போது எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறார் வழக்கறிஞர். அவருடைய கடிதம் உங்களுக்கு வரும். அதற்கு முதல் என்னிடமிருந்து தெரியட்டும் என்று நினைத்தேன்.

கோபிக்க வேண்டாம்.

தங்கச்சி
சிவகௌரி


தடுப்பு நிலையம், ஹீத்ரோ
17.10.2007

தங்கச்சிக்கு,

உன் கடிதமும் வழக்கறிஞரின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. எதற்கு முதலில் கோபிப்பது என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழக வாசல் மிதித்தவள் நீ. அத்தனை புத்தகம் படித்தும் வாயைத் திறந்து "தெரியாது" என்று ஒரு சொல் சொல்ல வரவில்லையா? அவர் கேட்டாராம், இவள் தலையாட்டினாளாம்.

நான் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது ஊர்ப் பொடியன்களோடுதான் முதலில் தங்கினேன். அப்பீலுக்குப் போகுமுன் எல்லோரும் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "காவடிக் கதையை வாயாலையும் எடுக்காதை. எடுத்தியெண்டால் சூட்டையும் கோயில் சூடு எண்டுதான் எழுதுவாங்கள்." சொன்னவர்கள் விசா கிடைத்தவர்கள். கிடைக்காதவன் எப்படிக் கேட்காமல் இருப்பான்?

இப்போது அதைத் திருத்தி எழுதுவதென்றால், சத்தியம் செய்து பொய் சொன்னவன் நான் என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பதுதான். அதற்குப் பிறகு என்னுடைய எந்தக் காயத்தை யார் நம்புவார்கள்?

என் அறையில் மன்னார் எட்வேட் அண்ணை இருக்கிறார். செபமாலை உருட்டும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் எனக்குச் சட்டம் சொல்லித் தருகிறார். அவருடைய சட்டம் அவருக்கே உதவவில்லை.

இந்தச் சனிக்கிழமை வர வேண்டாம்.

யோகேஸ்வரன்


டூட்டிங்
21.10.2007

அன்புள்ள அண்ணைக்கு,

வர வேண்டாம் என்று நீங்கள் எழுதியும் வந்தேன். கைரேகை வைத்து, படம் பிடித்து, பையைப் பூட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நீங்கள் இறங்கி வர மறுக்கிறீர்கள் என்று காவலாளி வந்து சொன்னார். அதைச் சொல்ல அவருக்கே சங்கடமாக இருந்தது போலும், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். கம்பளிச் சட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன். கிடைத்ததா?

வழக்கறிஞர் எனக்கு விளங்கச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதையாவது வாசியுங்கள்.

அம்மாவோடு இருக்க வேண்டும் என்ற காரணம் எடுபடாது. வளர்ந்த பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் இருப்பதை இங்குள்ள சட்டம் இலேசில் குடும்ப வாழ்க்கை என்று எடுக்காதாம். இருக்கிற வழி, புதிய சாட்சி காட்டிப் புதிதாக விண்ணப்பிப்பது. அதையும் தள்ளிவிட்டு விமானத்தில் ஏற்றப் பார்த்தால், ஹை கோர்ட்டில் தடை கேட்பது. உடம்பில் தழும்போடு போகிறவர்களைக் கொழும்பு விமான நிலையத்தில் மறித்து விசாரிக்கும் ஆபத்து உண்டு என்று இந்த வருடம் இங்குள்ள நீதிமன்றமே சொல்லியிருக்கிறதாம். ஆனால் அந்தத் தழும்பு எங்கே, எப்போது வந்தது என்று முதலில் காட்ட வேண்டும். லண்டனில் யாரையாவது கொண்டு போட்டது என்றும் சொல்வார்களாம்.

"அந்தக் காலத்து போட்டோ ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லை என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் நினைவு வந்தது.

2000இல் உங்களை ஆமி கொண்டுபோன செய்தி வந்த அன்று, "பிள்ளை உயிரோடை வந்தால் செடில் காவடி எடுப்பான்" என்று அம்மா இங்கிருந்தே நேர்த்தி வைத்தார். நீங்கள் வெளியில் வந்தீர்கள். அந்த வருடத் தேருக்கே காவடி எடுத்தீர்கள். நேர்த்தி தீர்ந்ததை அம்மா கண்ணால் காணட்டும் என்று ஊரிலிருந்த மாமி வீடியோக் கடைக்காரரைப் பிடித்துப் படமெடுத்து, லண்டனுக்கு வந்த யாரிடமோ கொடுத்துவிட்டார். அந்தக் கசெட் எங்கள் சாமி அலுமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணியில் சுற்றியபடி இருக்கிறது. பார்த்தால் அழுகை வரும் என்று அம்மா ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒரு பூ வைப்பார்.

அதை எடுக்கப் போகிறேன்.

சிவகௌரி


தடுப்பு நிலையம்
24.10.2007

சிவகௌரி,

கசெட்டில் கை வைக்காதே.

கோபத்தில் எழுதவில்லை. இரண்டு நாளாக யோசித்து எழுதுகிறேன். ஆமிக்காரன் இரண்டு அறை அறைந்துவிட்டு விட்டுவிட்டான் என்றுதான் நான் அம்மாவிடம் சொன்னேன். இன்றைக்கும் அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சூட்டுக் கதை தெரியாது. அப்பீலுக்கும் அதனால்தான் அம்மாவை வரவேண்டாம் என்றேன்.

நான் வெளியில் வந்தபோது காயம் ஆறவில்லை. மாமி அடுத்த வருடத் தேருக்குப் பார்ப்போம் என்றார். அந்த நேரம்தான் அம்மா தொலைபேசி எடுத்தார். கடையில் நின்று பேசுகிறேன், பின்னால் சனம். "நேர்ந்ததைப் பிந்த விடக்கூடாது ராசா, இந்த வருசத் தேரைத் தவற விடாதை," என்றார். என்ன சொல்வது? முதுகில் இடமில்லை அம்மா என்றா? சரி என்றேன்.

அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தால் அம்மாவுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவரும்: எனக்கு என்ன செய்தார்கள் என்பதும், அதற்கு மேல் தான் என்ன செய்வித்தார் என்பதும். அப்பாவும் இல்லை. அதை அவர் யாரோடு இருந்து தாங்குவார்? உன்னோடா? நீயும் அவருக்குப் பக்கத்தில் பேசாமல்தான் இருப்பாய்.

நேற்று நாடுகடத்தும் தாள் தந்துவிட்டார்கள். நவம்பர் ஏழு, புதன், கொழும்பு விமானம். எட்வேட் அண்ணையைத் திங்கட்கிழமை விமானம் ஏற்றக் கொண்டுபோய்விட்டார்கள். செபமாலையைத் தலையணைக்குக் கீழே மறந்துவிட்டுப் போயிருக்கிறார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

கம்பளிச் சட்டை கிடைத்தது.

யோகேஸ்வரன்


டூட்டிங்
28.10.2007

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வியாழக்கிழமையே நானும் வழக்கறிஞரும் படத்தைப் பார்த்துவிட்டோம்.

அம்மா வேலைக்குப் போனதும் கசெட்டை எடுத்துக்கொண்டு, மஞ்சள் துணியை மட்டும் பழையபடி மடித்து வைத்துவிட்டு வழக்கறிஞரிடம் போனேன். கீழ் மரக்கறிக் கடைக்காரர் ஸ்ரீஸ்கந்தராஜா தன் கடையில் கிடந்த பழைய டிவியையும் வீடியோ டெக்கையும் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார்.

முதலில் பூக்கள் சுழன்று சுழன்று வந்தன. பிறகு எங்கள் கோயிலின் பெயர், தேர்த் திருவிழா 2000, நேர்த்திக்கடன், செல்வன் கணேசலிங்கம் யோகேஸ்வரன் என்று எழுத்து வந்தது. வழக்கறிஞர் அதையே மூன்று முறை ஓட விட்டு எழுதிக்கொண்டார். பிறகு கேணிக்கரையில் நீங்கள் வேட்டியோடு, மிகவும் மெலிந்து. செடில் குத்த வந்த கிழவர் உங்கள் முதுகில் திருநீறு பூசத் தொடங்கிக் கையை எடுத்துவிட்டார். குனிந்து உங்கள் காதில் ஏதோ கேட்டார். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. நீங்கள் இல்லை என்று தலையாட்டினீர்கள். (நான் மட்டும்தானா தலையாட்டுகிறவள்?)

வலப்பக்கம் தோளிலிருந்து நேர்கோட்டில் குத்திக்கொண்டு போனார். இடப்பக்கம் வந்தபோது விரலால் தடவித் தடவி இடம் தேடினார். காயம் நனைந்தாற்போல மினுங்கியது. அதை விட்டு விலகிக் கீழே இறங்கித்தான் முதல் கொக்கியைப் போட்டார். மாமி பக்கத்தில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடியபடி நின்றார்.

வழக்கறிஞர் அந்த இடத்தில் படத்தை நிறுத்தினார். டாக்டரின் படத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இடப்பக்க வரிசை ஏன் இறங்கியிருக்குன்னு தெரியலைன்னு டாக்டர் எழுதியிருக்காரும்மா. எனக்கும் புரியல. எங்க ஊர்ல ரெண்டு பக்கமும் சமமாத்தான் குத்துவாங்க." பிறகு சொன்னார்: "சூடு முதல்ல. கொக்கி அதுக்கப்புறம். அந்த மனுஷன் காயத்தைச் சுத்திக்கிட்டுப் போயிருக்காரு. இது லண்டன்ல போட்ட காயம்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

நீங்கள் மறைத்த புள்ளிகள்தான் மறைக்காத தழும்புகளுக்குச் சாட்சி சொல்லப் போகின்றன. ஆனால் செடிலைப் பற்றி நீங்கள் உண்மை எழுதிக் கொடுத்தால்தான் அது நடக்கும்.

இன்னொன்று இருக்கிறது. கசெட் எப்போது லண்டனுக்கு வந்தது, யாரிடம் இருந்தது என்று அம்மா சாட்சி சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் காட்டாமல் கையெழுத்து மட்டும் வாங்கலாமா என்று கேட்டேன், என் வாயாலேயே. "உள்ளே என்ன இருக்குன்னு தெரியாம ஒரு தாயை நான் கையெழுத்துப் போட விடமாட்டேன். பார்க்கிறதா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்," என்றார்.

அம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பூ வைத்தபோதும் அவர் துணியைக் கவனிக்கவில்லை. நீங்கள் சொல்லாமல் சொல்லவும் மாட்டேன்.

சிவகௌரி


தடுப்பு நிலையம்
31.10.2007

தங்கச்சி,

நேற்று வழக்கறிஞர் நேரில் வந்தார். அவர் வாசித்துக் காட்டிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தேன். 2003இல் பொய் சொன்னேன் என்பது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எழுத்தில் பார்க்க அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. இவ்வளவு காலம் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்ததுதான் பாரம்.

அந்தக் கிழவர் காதில் கேட்டதை எழுதுகிறேன். "தம்பி, இது என்ன முதுகு? அடுத்த வருசம் எடுப்பமே?" என்று கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன். "ஆற்றை நேர்த்தி?" என்றார். அம்மாவுடையது என்றேன். அதற்குப் பிறகு அவருடைய கை மெதுவாகப் போனது.

அம்மா விஷயத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. காட்டாமல் விட்டால் ஏழாம் திகதி நான் விமானத்தில் இருப்பேன். காட்டினால் அம்மா இனி எந்த முகத்தோடு அந்த அலுமாரியைத் திறப்பார்? எட்வேட் அண்ணையின் கட்டிலில் இன்னொருவர் வந்துவிட்டார். அவருடைய பாஷை எனக்குத் தெரியாது. அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான்.

அம்மா தானாகக் கேட்டால் பொய் சொல்லாதே. கேட்காவிட்டால், நீ பார்த்துச் செய்.

யோகேஸ்வரன்


டூட்டிங்
11.11.2007

அன்புள்ள அண்ணைக்கு,

விமானத்துக்குத் தடை விழுந்ததைத் தொலைபேசியில் சொன்னபோது நாங்கள் இருவரும் பேசியதைவிட மூச்சு விட்டதுதான் அதிகம். மற்றதை இப்போது எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முதல் நாளே அம்மா கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைப் பூ வைக்கப் போனவர், "துணி தட்டையாக் கிடக்குது. எங்கை பிள்ளை அது?" என்றார். எனக்கு உங்கள் சொல் இன்னும் கிடைத்திருக்கவில்லை. ஆனாலும் தலையாட்டி முடிக்கக்கூடிய கேள்வி இல்லை அது. எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நேரம் தொடர்ந்து நான் அம்மாவோடு பேசியதே இல்லை என்று நினைக்கிறேன்.

கேட்டு முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு, "வா," என்றார்.

வழக்கறிஞர் இரண்டு தரம் சொன்னார், பார்க்கத்தான் வேண்டும் என்றில்லை, வேறு வழி யோசிக்கலாம் என்று. "போடுங்கோ," என்றார் அம்மா. மேளச் சத்தத்தை மட்டும் நிறுத்தச் சொன்னார். சத்தமில்லாமல் முழுவதையும் பார்த்தார். கிழவர் இடம் தேடிய இடத்தில் அம்மாவின் கை தன்னுடைய இடத் தோளுக்குப் போனது. அது அவருக்கே தெரியாது. முடிந்ததும், "கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அவன்ரை மாமி சொன்னவவாம். நான்தான் விடேல்லை," என்றார். வழக்கறிஞர் அவரிடம் அதைக் கேட்கவே இல்லை. ஆனாலும் அதையும் எழுதச் சொல்லித்தான் கையெழுத்து வைத்தார்.

கசெட்டைப் பிரதி எடுத்துத் திருப்பித் தருவதாக வழக்கறிஞர் சொன்னார். வேண்டாம், மூலமே அங்கே இருக்கட்டும் என்றுவிட்டார் அம்மா.

செவ்வாய்க்கிழமைவரை தடை வரவில்லை. அன்று காலை ஹவுன்ஸ்லோவிலிருந்து சண்முகராசா மாமா தொலைபேசி எடுத்தார். "அக்கா, சஷ்டியும் வருகுது. முருகனுக்கு ஒரு நேர்த்தி வையுங்கோ, பொடியன் இறங்கி வருவான்," என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அம்மா சொன்னார்:

"வைக்கமாட்டன் தம்பி. நான் நேர்ந்தால் கட்டுறது அவன்தான்."

அதன் பிறகு அலுமாரிக்கு முன்னால் போய் நின்றார். விளக்கேற்றினார், கும்பிட்டார். ஒன்றும் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கேட்கும்போது அம்மாவின் உதடு அசையும். பின்னேரம்தான் வழக்கறிஞர் எடுத்து, நீதிபதி தடை போட்டுவிட்டார் என்று சொன்னார். அம்மா அப்படியே சமையலறைத் தரையில் இருந்துவிட்டார்.

இன்னொரு விஷயம். அருள் வந்தால் செடில் நோகாது என்றுதான் அம்மா இவ்வளவு காலமும் நம்பியிருக்கிறார். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள். நேற்றுச் சோறு போட்டுக்கொண்டிருந்தவர் அகப்பையை வைத்துவிட்டு, "நொந்ததோ எண்டு அவனைக் கேட்டு எழுது," என்றார்.

கேட்டு எழுதிவிட்டேன்.

சிவகௌரி


தடுப்பு நிலையம்
21.11.2007

தங்கச்சிக்கு,

புதிய சாட்சியை வைத்து என் விண்ணப்பத்தைத் திரும்பப் பார்க்க ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று வழக்கறிஞர் எழுதியிருக்கிறார். வழக்கு முடிந்துவிடவில்லை, இன்னும் ஒரு வருடமோ இரண்டோ இழுபடலாம். ஆனால் திங்கட்கிழமை பெயில் விசாரணை. சண்முகராசா மாமாவும் நீயும் பிணை நிற்கிறீர்கள். நீதிபதி உன்னைக் கேள்வி கேட்பார். தலையாட்டினால் அங்கே எழுதமாட்டார்கள். வாயால் சொல்ல வேண்டும். அம்மாவிடம் சொல்லத் தெரிந்தவளுக்கு இது ஒரு காரியமா?

எட்வேட் அண்ணையின் செபமாலைக்கு வழி கிடைத்தது. அவருடைய அக்கா கிங்ஸ்பரியில் இருக்கிறாராம், இங்கு வரும் பாதிரியார் விசாரித்துச் சொன்னார். வெளியில் வந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அம்மா கேட்டதற்குப் பதில் எழுத மூன்று தாள் கிழித்துவிட்டேன். நோகவில்லை என்று எழுதினேன், கிழித்தேன். கொஞ்சம் என்று எழுதினேன், அதையும் கிழித்தேன். பழைய பழக்கம். அம்மாவுக்கென்று வரும்போது கை தானாகக் குறைத்துத்தான் எழுதுகிறது.

நொந்தது என்று சொல்லு. சூடு வைத்ததைவிட அன்றைக்குத்தான் கூட நொந்தது. அருள் வரும் வரும் என்று தேர் சுற்றித் தன் இருப்பிடத்துக்குத் திரும்பும்வரை பார்த்தேன். வரவில்லை. அம்மா கண்ணால் காண வேண்டும் என்று மாமி சொன்னது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. ஒரு தரம் கமராவைப் பார்த்தேன். நீயும் கண்டிருப்பாய்.

இதை நீ வாசித்துக் காட்ட வேண்டாம். கடிதத்தை அம்மாவின் கையில் கொடு. மிச்சத்தை அம்மா கேட்டால் வந்து சொல்கிறேன்.

திங்கட்கிழமை வரும்போது நீல நிறச் சட்டையைக் கொண்டுவா, கழுத்துப் பொத்தான் அறுந்தது. தைக்க வேண்டாம்.

அண்ணை
யோகேஸ்வரன்